கீறல் உண்டு

மூணு பக்கம். நடுப்பக்கம் மட்டும்
எறும்பு ஊர்ந்தாற்போல் எழுத்து.
பெருமாள்புரத்தில் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை,
கரண்ட் போன ராத்திரி,
செல்போன் வெளிச்சத்தில் வாசித்தேன்.

“எல்லாவனும் இப்படித்தான் அடிச்சு வச்சிருப்பான்,
கையெழுத்தப் போட்டுட்டுப் படு”
என்றார் போனில், ஓசூரிலிருந்து.
முன்னாலேயே போய்விட்டவருக்கு எல்லாம் சுலபம்.

கூட்டுறவு வங்கியில் பதினோரு வருஷம்
அடுத்தவர் கடன் பத்திரம் வாசித்தவள் நான்.
‘தோராயமாக’ என்ற சொல்லைக் கண்டால் கை அரிக்கும்.
கூலி தோராயமாக இருபத்தெட்டாயிரம்.
ஓசூரில் பாதிச் சாமானை லாரியில் வைத்துக்கொண்டு
அந்தச் சொல் எவ்வளவு நீளும் என்று
கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையில்லை.

ஏழாவது ஷரத்து:
பொருட்கள் உடையவர் பொறுப்பில் ஏற்றப்படும்.
உடையவர் என்றால்
உடைமை உள்ளவரா, உடையப் போகிறவரா?

ஒன்பது: கண்ணாடி, பீங்கான், செடி, சாமி படம் நீங்கலாக.
பதினாலு: வழக்கு எழுந்தால்
செகந்திராபாத் நீதிமன்றம் மட்டும்.
ஆபீஸ் வண்ணார்பேட்டையில்,
பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ஜூஸ் கடை மாடியில்.
ஒரு கிரைண்டர் கல்லுக்காக
நான் தெலுங்கு படிக்க வேண்டும்.

மறுநாள் மேனேஜர் சொரிமுத்து சிரித்தார்.
“இத யாரும் வாசிக்கிறதில்லியேம்மா.”
“நான் வாசிச்சேன்லா.”
செகந்திராபாத்தை அவர் விடவில்லை, அது மேலிடமாம்.
இன்சூரன்ஸ் மூணு சதவீதம்
தீக்கும் விபத்துக்கும்தானாம், உடைசலுக்கு இல்லையாம்.
தோராயத்தை மட்டும் அடித்தோம்.
‘டோல், மாடிக்கூலி உள்பட’ என்று
என் பேனாவால் எழுதினேன்.
ஊதா முத்திரை பாதி என் எழுத்திலும்
பாதி மேஜையிலும் விழுந்தது.

லாரி வந்த அன்று
முப்பிடாதி கையில் பொருள் பட்டியல்.
இருபது, இருபத்திரண்டு வயசிருக்கும்.
டிவி, பக்கத்தில் ‘கீ’.
பீரோ, ‘கீ’. கட்டில், ‘கீ’.
இன்னும் எதையும் தொடவே இல்லை.
“என்ன எழுதுதிய?”
“கீறல் உண்டுக்கா.”
“எங்க?”

பேனாவை மூடித் திறந்தான்.
“போன மாசம் ஒரு டிவி. வி.கே.புரம் பார்ட்டி.
ஒம்பதாயிரம். கம்பெனி கட்டல.
எங்க நாலு பேரு கூலியில பிடிச்சாக.”

மூணு பக்கத்தில் எங்கேயும் இல்லாத ஷரத்து.
நம்பர் இல்லை, முத்திரை இல்லை.
நடுப்பக்கத்தை நான் இரண்டு தடவை வாசித்திருந்தேன்.

“வாங்க, தேடுவோம்” என்றேன்.

பீரோவின் இடது கதவில் சாவி இழுத்த கோடு.
அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த அன்றே விழுந்தது.
மேஜை அடியில் காம்பஸ் முனையால்
சின்னவன் தன் இனிஷியலைத் தோண்டியிருந்தான்.
ஃபிரிட்ஜில் ஒரு பள்ளம்,
நான் கரண்டியை எறிந்தது.
எதற்கென்று அவன் கேட்கவில்லை.
“இது கீறல் இல்லக்கா, நெளிசல்.”
பட்டியலில் ‘நெ’ என்றொரு புது எழுத்து பிறந்தது.

பரண்மேல், பிரிக்காத பெட்டியில்,
கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம்.
நாலு புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
சுருக்காமல், முழுசாக எழுதினான்:
கீறல் இல்லை.

கீழே டிரைவர் ஹாரனை விடவே இல்லை.
அரை மணி நேரம் தாமதம்.

ஏழு மணிக்கு போன். கயத்தாறு டோல்கேட்.
“ஃபாஸ்டேக்ல காசில்லக்கா.
பார்ட்டி தலையில போடுன்னு டிரைவர் நிக்காரு.
நீங்க எழுதுனீங்கள்லா, அத வாசிங்க,
ஸ்பீக்கர்ல போடுதேன்.”

காலி வீட்டின் நடுவில் நின்று வாசித்தேன்.
சுவர்கள் ஒரு தடவை திருப்பிச் சொல்லின.
அந்தப் பக்கம் லாரி இரைச்சல், யாரோ திட்டுவது,
பிறகு முப்பிடாதி:
“இன்னொரு மட்டம்க்கா.
அவருக்குக் கேக்கலையாம்.”

மறுபடியும் வாசித்தேன்,
தேதியோடு.